அக்காவுக்கு நான் என்ன முறை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரை வெளியிடும் அவரது மகள், "அம்மாவின் தங்கை நீங்கள், ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அக்கா பிறந்தது கானாவின் கடற்கரை ஊர் ஒன்றில்.

மீன் விற்ற தாயாரின் மூத்த மகளாகப் பிறந்து, சட்டம் படித்து, கைதானவர்களுக்காக வழக்காடினார். சனங்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். படையினர் ஆட்சியைப் பிடித்த கிழமையே அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவர், மகளோடு ரொறன்ரோ வந்து, துப்புரவு வேலை செய்துகொண்டே பரீட்சைகளை மறுபடி எழுதி வழக்கறிஞரானார்.

ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால் உடனே திறக்கமாட்டார். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கதவுத் துவாரத்தில் கண்ணை வைப்பார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அகதிகளாக வந்து அதே கட்டடத்தில், அதே மாடியில் குடியிருந்தும் நாங்கள் அவரோடு பழகப் பல மாதங்கள் சென்றன.

எங்கள் அகதி வழக்கை அக்காவே எடுத்தார். என் அண்ணனைப் பிடித்துப் போனதையும் பிறகு எங்களைத் தேடி வந்ததையும் அவரிடம் சொல்லியிருந்தேன். விசாரணை நாள் காலையில் நான் பத்திரங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். "பயப்பிடாதையும், லோயரம்மா இருக்கிறாதானே" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தார்.

"கூடப்பிறந்தவர்கள் உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. நான் தனிப்பிள்ளை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் பிடித்துச் செல்லப்பட்ட அண்ணன் யார்?"

"பெரியப்பான்ர மகன். அவர் அண்ணைதானே."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அதிகாரியின் முகம் மாறியது. நான் பொய்க்காரி என்று முடிவு கட்டிவிட்டார் என எனக்கு விளங்கியது. திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் எங்களுக்கு என்ன நடக்கும்? அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா எழுந்தார். பேசத் தொடங்குமுன் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, எங்கள் நாட்டிலும் தகப்பனின் சகோதரருடைய பிள்ளை சகோதரன்தான். அவனைக் கொண்டுபோனால் கொஞ்சம் குறைத்தா அழுவோம்? கொண்டுபோனவர்கள் அவனுடைய வீட்டாரைத் தேடி வரும்போது அந்த வித்தியாசம் பார்ப்பார்களா?"

எங்களை ஏற்றுக்கொண்டார்கள். லிஃப்டில் வரும்போது, "அக்கா, உங்களுக்குப் பயமே இல்லையோ?" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். "அதிகாரி உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும், என்னைக் கொண்டுபோகத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அவரும் நான் கூப்பிட்டால் "ஓம், தங்கச்சி" என்று எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே பதில் சொல்வார்.

பின்னர் புற்றுநோய் வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வெளிமாகாணத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் இன்னும் வந்து சேரவில்லை. அறை வாசலில் நேர்ஸ் என்னை மறித்தார்.

"குடும்பத்தவர் மட்டும்தான் போகலாம். இவருக்கு நீங்கள் என்ன முறை?"

இதே மாதிரிக் கேள்வியில்தான் ஒருமுறை எங்கள் உயிர் ஊசலாடியது.

"தங்கச்சி" என்றேன்.

என் முகத்தையும் கட்டிலில் கிடந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கூடப்பிறந்தவரா?"

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஓம்." பிறகு ஆங்கிலத்தில், "அவளை உள்ளே விடுங்கள். வெளியே நின்றால் பயப்படுவாள்."

அக்காவின் கடைசி நாட்களில் மாறி மாறிச் சமைத்துக் கொடுத்த எங்கள் கட்டடத்துத் தாய்மாருக்கும், கார் ஓட்டி உதவிய, என் கணவரோடு பிறம்ரனில் வேலை செய்யும் நண்பர்களுக்கும், ஒஷாவாவிலிருந்து வந்து பாடிய தேவாலயத்தாருக்கும் எங்கள் நன்றி உரியது. கதவு தட்டினால் நான் இன்றும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன், அக்கா.

இப்படிக்கு,
கூடப்பிறந்த தங்கை