கன்னத்தில் ஏறிய முள்

லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் லெட்சுமணன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பார். அலகை உருவியதும் திருநீற்றை அப்பினால் போதும், காயம் ஆறிவிடும். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஒருநாள் தோட்டத்தில், மண்ணில் கிடந்த முள் மட்டையைக் குனிந்து இழுத்தபோது அதே கன்னத்தில் முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டுத் திருநீற்றை அப்பினார்.

"கிளினிக் போலாம்ங்க," என்றாள் மனைவி வாசுகி.

"வேல் குத்தின கன்னம்லா இது. முள்ளு என்ன செய்யும்?"

தேய்த்துத் துடைத்த வேல் எங்கே, சேற்று மட்டை எங்கே. அந்த வீட்டில் யாரும் அதை யோசிக்கவில்லை. மேல்தோல் மூடியதும் வாசுகியும் நிம்மதியானாள். அடுத்த வாரம் அவர் தாடை இறுகிவிட்டது. கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை.

"முள்ளு நுனி உள்ளயே ஒடிஞ்சி கிடக்கு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர் சாருமதி. "ஆழமா குத்தின காயம் மேல மூடிட்டா ஆறிடுச்சின்னு அர்த்தம் இல்லம்மா. சோப்பு போட்டுக் கழுவிட்டு, அன்னிக்கே ஊசிக்கு வந்திருக்கணும். இது ரண ஜன்னி, டெட்டனஸ்."

லெட்சுமணன் பிழைக்கவில்லை.

உடலுக்குப் பூசத் திருநீற்றுத் தட்டோடு உறவினர்கள் வந்தார்கள். வாசுகி அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"நெத்தியில மட்டும் பூசுங்க," என்றாள்.