மடைக்கல்லில் கிடந்த வேட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்பு, வைகாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியம் போகிற வழியில் இருக்கும் ஒரு கண்மாயில் நடந்தது. கண்மாயின் பெயர் வேண்டாம். காலை எட்டரை மணி இருக்கும். அந்த நேரத்தில் நான் சர்ச்சில் ஆராதனையில் இருந்திருக்க வேண்டியவன். வீட்டில் "அவசர மோட்டார் வேலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். பாதி உண்மைதான். மோட்டார் இருந்தது, அவசரம்தான் இல்லை.

எனக்கு ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. மில் மோட்டார், கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று எது கருகினாலும் என்னிடம்தான் வரும். வயது ஐம்பத்திரண்டு. தொப்பை உண்டு. வாய் கொஞ்சம் நீளம். "இவன் பேச்சைக் கேட்டாலே மோட்டார் ஓட ஆரம்பிச்சிரும்" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

என் தங்கை கணவர் ராமேஸ்வரம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் வேலை பார்க்கிறார். வெளியூர்க்காரர்களுக்குக் கடலில் சறுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற வேலை. அந்தச் சித்திரையில் அவர் ஒரு பலகையை வேனில் போட்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பார்க்க ஆறடிப் பலகை. ஆனால் அதன் அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் விமானத்துக்கு இருக்கிற மாதிரி கூரான இரண்டு இறக்கை, அதற்குச் சற்று மேலே முழங்கை அளவு ஒரு மோட்டாரும் விசிறியும். பலகைக்குள் பேட்டரி. கையில் வைத்துக்கொள்ள ஒரு ரிமோட்.

"மச்சான், உப்புத் தண்ணி உள்ள போயிருச்சு. கம்பெனிக்கு அனுப்புனா ஆறு மாசம் ஆகும்னு சொல்லுதாங்க. நீங்க பாத்துத் தாங்க" என்றார்.

சீல் போயிருந்தது, பேரிங் துருப்பிடித்திருந்தது, காயிலில் பாதி கருகியிருந்தது. பத்து நாள் உட்கார்ந்து பிரித்துக் கட்டி ஓடவைத்தேன். ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே? அந்த வருஷம் கோடை மழை நன்றாகப் பெய்து, வைகாசியிலும் கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் கிடந்தது. மீன் குத்தகைக்காரர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய கிணற்று மோட்டாரை இரண்டு தரம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவர் கரையில் நின்று கையை நீட்டிக் காட்டினார்.

"இங்கிட்டு வலை கெடக்கு. அங்கிட்டு அம்புட்டும் கருவேலங்கட்டை, மரத்தை வெட்டிட்டு அடியை விட்டுட்டாங்க. நடுவுல இருந்து மடை வரைக்கும்தான் ஆழம். அந்த நேருக்கு ஓட்டுங்க."

அடியில் இடுப்பு உயரக் கம்பம் இருக்கிற வண்டிக்கு ஆழம் வேண்டும். அதனால் அந்த நேர்கோடுதான் என் பாதை என்று முடிவாயிற்று. கண்மாய்த் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அந்த மடையைப் பற்றி வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

முதலில் தங்கை கணவர் ஓட்டினார். பிறகு "நீங்களும் ஏறிப் பாருங்க" என்றார். அதோடு என் புத்தி கெட்டது. நாலு நாள் விழுந்தேன், எழுந்தேன், கண்மாய்த் தண்ணீரைக் குடித்தேன். ஐந்தாம் நாள் அந்தப் பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. இறக்கை மட்டும் உள்ளே இருக்க, முழங்கால் உயரத்தில் நான் நின்றபடி போகிறேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. "இப்ப சீசன் இல்ல மச்சான், ஒரு மாசம் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

இதில் ஒரு வித்தை உண்டு. மேல்காற்று ஆரம்பித்துவிட்டால் மலைப்பக்கமிருந்து கரையைப் பார்த்துச் சின்னச் சின்ன அலைகள் வரும். கடல் அலை மாதிரி இல்லை, ஒரு பக்கெட் உயரம்கூட இருக்காது. ரிமோட்டில் விசையை அழுத்தி மோட்டாரால் வேகம் பிடித்து, அலையின் முதுகுக்கு வந்ததும் விசையை விட்டுவிட வேண்டும். மோட்டார் நின்றுவிடும். அதற்குப் பிறகு அலையே தூக்கிக்கொண்டு போகும். ஒரு சத்தம் இருக்காது. முப்பது வருஷமாக மோட்டார் இரைச்சலிலேயே கிடந்தவனுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு நான் எவ்வளவு தூரம் போகிறேன் என்பதே எனக்குப் பெருமையாகிவிட்டது. வயலுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். நானும் கையை உயர்த்திக் காட்டுவேன். அந்த வயதில் எனக்கு அது தேவைதானா என்று கேட்டால், தேவையாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு காற்று நல்ல வாகு. கண்மாயின் நடுவில் இருந்து வேகம் பிடித்தேன். எதிரே கரை. கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் மடையின் இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் ஒரு குறுக்குக்கல். குறுக்குக்கல்லில் ஒரு வேட்டியும் துண்டும் கிடந்தன. யாரோ துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கரைமேல் ஒரு பெண் நின்றிருந்தாள். நல்ல அலை ஒன்று கிடைத்தது. விசையை விட்டேன்.

அந்தப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். வாய் அசைவது தெரிந்தது. காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடித்ததால் ஒன்றும் காதில் விழவில்லை. பாருங்கள், ஊர்ப் பெண்கள்கூட நின்று பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரே குளிர்ச்சி. நானும் சிரித்தபடி கையை உயர்த்தி ஆட்டினேன். அவள் கரைச் சரிவில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள். முந்தானையை இழுத்து வீசி வீசிக் காட்டினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உறைக்கவே இல்லை.

மடைக்கு முன்னால், இரண்டு ஆள் நீளத்தில், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்தது.

இந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது. பலகைக்கு அடியில் கத்தி மாதிரி இறக்கை. அந்த மனுஷருடைய கண் என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மூச்சு வாங்கத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. நான் பக்கவாட்டில் குதித்தேனா, விழுந்தேனா தெரியாது. உடம்பு தானாகச் செய்தது. தண்ணீருக்குள் போகும்போது பலகை மட்டும் ஆளில்லாமல் நேரே பாய்வதைப் பார்த்தேன். தடால் என்று ஒரு சத்தம்.

மேலே வந்து பார்த்தால் தலையைக் காணோம். பலகை கல்தூணில் இடித்துக் கவிழ்ந்து, இறக்கை வானத்தைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தது. வேட்டி அங்கேயே கிடந்தது. அப்போதுதான் அது யாருடைய வேட்டி என்று எனக்குப் புரிந்தது.

முங்கித் தேடலாம் என்றால் முடியவில்லை. நான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் என்னை உள்ளே போகவிடாமல் மேலே மேலே தள்ளியது. பக்கிளைக் கழற்றப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. எத்தனையோ ஆயிரம் மோட்டாரைக் கழற்றிய விரல் அது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆராதனைக்குப் போகாமல் பொய் சொல்லிவிட்டு வந்தவன்.

அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கலங்கி, அவர் மேலே வந்தார். கல்லைப் பிடித்துக்கொண்டு இருமினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கீறல். என்னைப் பார்த்ததுமே திரும்பவும் முங்கியிருக்கிறார். அந்தக் கண நேரத்தில் அவர் செய்ததுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. நான் செய்தது ஒன்றுமில்லை.

அவர்தான் முதலில் பேசினார்.

"அண்ணே, நீங்க மொதல்ல கரையேறுங்க. மடை இழுக்குது, தெரியலையா?"

அப்போதுதான் என் கால்களைத் தண்ணீர் கீழே இழுப்பதை உணர்ந்தேன். அவரே வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டு, "மடைவாயில ஒரு உரச்சாக்கு போயி அடைச்சுக்கிட்டு இருக்கு. பாதி இழுத்தாச்சு. இப்ப விட்டா மறுபடி போயி அடைச்சுக்கிடும். இன்னும் ஒரு முங்கு போயிட்டு வாரேன்" என்றார். அந்தப் பெண் "வேண்டாம், வாங்க மேல" என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கு வைத்து விடுகிற நீர்ப்பாய்ச்சி அவர். அந்தப் பெண் அவர் மனைவி. மடைக்குள் ஆள் முங்குவதாக இருந்தால் வேட்டியைக் கழற்றிக் குறுக்குக்கல்லில் போட வேண்டும், கரையில் ஒருவர் நின்று காவல் பார்க்க வேண்டும். அது அந்தக் கண்மாயில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வேட்டி கிடந்தால் மாடுகூட அந்தப் பக்கம் இறங்காது. கிணற்று மோட்டார் கட்டியே பிழைப்பு நடத்திய எனக்கு மட்டும் தெரியவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லவில்லை. திட்டியதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

"ஏய்யா, கண்ணு அவிஞ்சா போச்சு உமக்கு? வேட்டி கெடக்கது தெரியல? அவிய உள்ள இருக்காக, அவிய உள்ள இருக்காகன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீரு எனக்கு டாட்டா காட்டிட்டு வாரீரு!"

எனக்கு அழுகை வந்தது. அவள் சட்டென்று திட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் உள்ளே இருக்கும் மட்டும் அவளும் மூச்சு விடுவதில்லை போலிருக்கிறது. நானும் அடக்கிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

கறுத்துப்போன சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு அவர் வந்தார். கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மடைக்கு அந்தப்புறம் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகையைப் பார்த்தபடி ஒரு சந்தேகம் கேட்டார்.

"மோட்டார் போட்டுன்னா தண்ணிக்குள்ள இருக்கும்போதே காதுல விழுந்துரும்ணே. உங்க வண்டி சத்தமே கேக்கலையே, ஏன்?"

சத்தம் இல்லாமல் வருவதுதான் என் வித்தை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஊசி போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இருவரையும் என் பட்டறை வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு எழுதுகிற நர்ஸம்மா "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே நீர்ப்பாய்ச்சி சொல்லிவிட்டார்.

"மடைக்கல்லு கிழிச்சிருச்சும்மா."

நர்ஸம்மா அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீயாவது சொல்கிறாயா என்று பார்த்தாளோ, என்னவோ. நான் சொல்லவில்லை. வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான், சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் பலகை பாய்ந்ததைவிட இது அதிகமாக வலிக்கிறது.

மறுநாளே தங்கை கணவரை வரச்சொல்லிப் பலகையை ஏற்றிவிட்டேன். நடந்ததை அவரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கடல்ல கொடி நட்டிருப்போம் மச்சான், அதுக்குள்ள குளிக்க ஆள் வராது. கண்மாயில என்ன அடையாளம்னு நானும் விசாரிக்கலையே" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு என்று அவர் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. என் மனைவியிடமும் அன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், ஆராதனைக்குப் பொய் சொன்னது உட்பட. தட்டில் சோறு போட வந்த அவள் கை அப்படியே நின்றது.

ஒரு வாரம் கழித்து அந்த நீர்ப்பாய்ச்சியின் வீட்டுக்குப் போனேன். கீறல் ஆறிப் பொருக்கு கட்டியிருந்தது. அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டி, "ஒண்ணும் இல்லண்ணே, பாருங்க" என்று சிரித்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் நியாயம். நான் காப்பியைக் குடித்தபடி அவர் தோளைப் பார்த்தேன். கீறல் முடிகிற இடத்துக்கும் கழுத்து நரம்புக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது.

இன்றும் பட்டறையில் என்னை நல்ல மனுஷன் என்கிறார்கள், வாங்க அண்ணாச்சி என்று மரியாதை கொடுக்கிறார்கள். அந்த நாலு விரற்கடை நான் சம்பாதித்தது இல்லை, எனக்குச் சும்மா கிடைத்தது, அதை வைத்துக்கொண்டுதான் நான் தலை நிமிர்ந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன்.