சோளத்தோடு சோயா

கணபதி என்ற பகுதியில் இருக்கும் மகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மக்காச்சோளமும் மொச்சையும் போட்டு வைக்கும் குழம்பில், மொச்சைக்குப் பதில் சோயா. அந்தப் பச்சை வாசத்தில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தார்கள். அங்கே மக்காச்சோளமும் சோயாவும் கோழித் தீவனம். ஒருநாள் அவை இரண்டும் குழம்பில் கிடக்க, அப்பாவின் கை நின்றது.

“ஏனம்மணி, பண்ணை மூட்டையில கை வெச்சுப்போட்டயா?”

“மொச்சை கிடைக்கலைங்க. இது கடையில வாங்குனதுங்க.”

நான் வாயிலிருந்ததை விழுங்காமல் விழித்தேன். அப்பா நம்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைக்கே போய்ப் பார்த்தார். ஒரு மூட்டைகூடப் பிரிந்திருக்கவில்லை. திரும்பி வந்து, தட்டின் முன் உட்கார்ந்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

“குழம்பு அடுப்புல இருக்குதுங்க. நீங்களே போட்டுக்குங்க.”