பேச்சிக்கு மஞ்சள்

குமுளிக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஏலக்காட்டு வேலைக்கு வந்த புதிதில், சொந்த ஊரான கம்பத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, குடிசைகளுக்கு நடுவே பேச்சியம்மனுக்கு ஒரு கல் நட்டார்கள். பிறகு அணை வந்தது, நீர் ஏறியது. நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது என்று பேச்சியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் மேட்டுக்குக் குடிபோனார்கள். நான் அப்போது கைக்குழந்தை. குடிசைகள் இருந்த குன்றின் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. கல் அதன் சரிவில், நீருக்குள் நின்றது.

எங்கள் வீட்டில் கல்யாணப் பெண் தன் கையால் பேச்சிக்கு மஞ்சள் பூசாமல் தாலி ஏறாது. நீர் ஏறிய பிறகு வந்த முதல் கல்யாணம் என்னுடையது. அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

மாப்பிள்ளை என் அத்தை மகன், ஏரியில் மூங்கில் தெப்பம் ஓட்டுகிறவர். அந்தக் கோடையில் நீர் வடிந்து, கல் இருக்கும் இடத்தில் நெஞ்சளவு ஆழம்தான் என்று பார்த்துவந்து சொன்னார். மழை பிடித்துவிட்டால் அடுத்த கோடைதான். அதுவரை காத்திருக்க எனக்கு மனசில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் கல்லைத் தொட முகம் முங்கியாக வேண்டும்; முகத்தில் ஒரு செம்புத் தண்ணீர் சேர்ந்தாற்போல் விழுந்தாலே எனக்கு மூச்சு முட்டும். பப்பாளி இலைக்காம்பு யோசனை அவருடையது. உள்ளே குழலாக இருக்கும். ஒரு முனை வாயில், மறுமுனை நீருக்கு மேலே. வீட்டு அண்டாவில் முகத்தைக் கவிழ்த்துப் பழகினேன். முதல் நாள் அவசரத்தில், ஒடித்த காம்பை அப்படியே வாயில் வைத்துவிட்டேன். பால் பட்டு உதடு பணியாரமாக வீங்கிவிட்டது.

"கழுவிக் காயவச்சு எடுன்னு சொன்னேனா இல்லையா? தாலி கட்டுற அன்னைக்கும் இந்த மூஞ்சியோடதான் உக்காரப் போறியா?" என்று சிரித்தார். உதட்டு வீக்கம் வற்றும்வரை அவரோடு நான் பேசவில்லை.

ஒரு காலையில் மூவரும் தெப்பத்தில் போனோம். அம்மா தீவில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். குடியிருந்த இடத்தை முழுங்கிய தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்பது அவள் வைராக்கியம்.

"அந்தா, ரெண்டு மொட்டை மரத்துக்கு நடுவுல பாருடி" என்று கையை மட்டும் நீட்டினாள்.

மஞ்சள் உருண்டையை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தேன். காம்பு வழியே தண்ணீர் புகுந்து புரையேறியது. இருமித் தீர்த்துவிட்டு மறுபடி கவிழ்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு தன்பாட்டில் போய்வந்தது. கண்ணைத் திறந்தால் எல்லாம் பச்சையாக, மங்கலாகத் தெரிந்தது. மரத்தின் வேர்களுக்குள் குஞ்சு மீன்கள் புகுந்து புகுந்து வந்தன. பயம் போன இடம் தெரியவில்லை. கால்கள் தாமாக மேலே எழும்பின. கல்யாணத்தையும் மஞ்சளையும் மறந்து மிதந்து கிடந்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

கரையிலிருந்த அம்மாவுக்கு அது பிணம் மிதப்பதாகத் தெரிந்திருக்கிறது. அலறிக்கொண்டு சேலையோடு தண்ணீரில் பாய்ந்து வந்து, என் கொண்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"பாவி மகளே!" என்று அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "கால்ல ஏதோ இடிக்குதுடி" என்றாள். காலை மெல்ல நகர்த்தித் தடவிப் பார்த்தாள். பிறகு படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, மிதிச்சுட்டேனே! இங்கதான்டி இருக்கா."

நான் காம்பை வாயில் வைத்துக் குனிந்து கல்லில் மஞ்சளைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தேன். தெப்பத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "அத்தே, எனக்குக் கல்யாணம் உண்டா இல்லையா?"

அம்மா என் கையிலிருந்த காம்பைப் பிடுங்கி வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளும் கவிழ்ந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் தண்ணீர், அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"நம்ம அடுப்புக் கல்லு மூணும் வச்சபடியே இருக்குடி" என்றாள். "அவன நாளு பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டாள்.