அருளப்பனுக்குக் காவல் இருந்தவர்

கிள்ளானில் ஒரு மர ஆலையில் பாய்லர் சுத்தம் செய்துவந்த அருளப்பன், செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சலில் காலமானார். அவருடைய மகள் மரியம்மாள் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து, என் வீட்டு வாசலில் நின்று சொன்ன செய்தி இது. மறுநாள் அடக்கம் நடந்தது.

அவரை அறிந்தவர்களில் பலருக்கு, அவர் பாய்லருக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளின் கதை அரைகுறையாகவே தெரியும். சம்பந்தப்பட்ட மூவரிடமும் நான் தனித்தனியே கேட்டிருக்கிறேன். மூவர் சொன்னதும் ஒன்றுதான்.

பாய்லரை ஆறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகு, மேலேயுள்ள துளை வழியாக ஒருவர் உள்ளே இறங்கி, சுவரில் படிந்த உப்பைச் சுத்தியலால் தட்டி எடுப்பார். இறங்குமுன் தம் கட்டைச் செருப்பை ஏணியடியில் விடுவது ஆலை வழக்கம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அன்று அருளப்பன் உள்ளே இருக்க, கூட வேலை செய்த முனியாண்டி காப்பிக் கடைக்குப் போகும் அவசரத்தில் அவர் செருப்பைத் தன்னுடையது என்று மாட்டிக்கொண்டு போய்விட்டார். இயந்திரங்களைப் பொருத்தும் ஃபிட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சுப்பையா ஏணியடியைப் பார்த்தார், செருப்பு இல்லை. மூடியை முடுக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பக்கத்தில் மரம் அறுக்கும் வாள் ஓடிய சத்தத்தில், உள்ளேயிருந்து தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

கடை வாசலில் கால் கழுவக் குனிந்தபோதுதான் முனியாண்டி கவனித்தார். கட்டையில் அருளப்பன் வெட்டிய சிலுவைக் குறி இருந்தது. ஓடிவந்து மூடியைத் திறக்கவைத்தார். தண்ணீர் அதற்குள் அருளப்பனின் இடுப்பளவு வந்திருந்தது. அவரை வெளியே இழுத்ததும் முனியாண்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“உள்ள கிடந்தவன் நானு, நீ ஏன்டா அழுவுறே? முதல்ல என் செருப்பைக் கழட்டு.”

பயந்தீர்களா என்று பின்னொரு நாள் அருளப்பனிடம் கேட்டேன்.

“பயப்படலைன்னா பொய், தம்பி. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. செபம் ஒண்ணும் வாயில வரலை. ‘ஆண்டவரே, நீரும் இங்கதான் இருக்கீரு’ன்னேன். அதுக்கப்புறம் கை நடுங்கலை. தட்டிக்கிட்டே இருந்தேன்.”

அடுத்த முறையிலிருந்து துளையருகே ஒருவரைக் காவல் வைப்பதென்று ஆலையில் முடிவானது. அந்தக் காவலுக்கு வரும்படி அருளப்பன் முனியாண்டியைக் கேட்டார்.

“வேணாம்ண்ணே. செருப்பை எடுத்தவனே நான்தான்.”

“எடுத்தது நீ. உன்னைத் திரும்ப ஓடிவர வெச்சது ஆண்டவரு. அவரு நம்புற ஆளு இங்க இருக்க, நான் வேற ஆளைத் தேடவா? ஏறி உக்காருடா.”

பதினோரு ஆண்டுகள் முனியாண்டி அங்கே உட்கார்ந்தார். நடுநடுவே “அண்ணே!” என்பார். “இருக்கேன்டா, கத்தாதே” என்று உள்ளிருந்து வரும்.

அருளப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒருவரிச் செபம். பயம் வரும்போது சொல்கிறேன். பயம் போய்விடுவதில்லை, கை நடுக்கம் நிற்கிறது.

அடுத்த சுத்தம் வரும் சனிக்கிழமை. உள்ளே இறங்கப்போகிறவர் முனியாண்டி. துளையருகே காவலிருக்கும்படி அவர் கேட்டிருப்பது, அன்று மூடியை முடுக்கிய சுப்பையாவை. சுப்பையா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.