ஒரு சேலை தூரம்

"சேலை! சேலை!" என்று பூங்கா பெஞ்சிலிருந்து கத்துகிறார் ஏகப்பன். எதிரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த நண்பர் பௌஸி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். சேலை என்றால் ஆறு யார், அதாவது ஆறு கெஜத் தூரம். மூக்கு ஒழுகுகிறவர்கள் அதைத் தாண்டி வரக்கூடாது. சுகமாயிருப்பவர்களுக்குச் சட்டைத் துணி, இரண்டரை யார் போதும். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் என்றால் ஐயர் வீட்டுச் சேலை, முழுசாக ஒன்பது யார். கொழும்புப் புறக்கோட்டைத் துணிக்கடையில் முப்பது வருடமாகத் துணி கிழிக்கிறவருக்கு அளவுகோல் கண்ணிலேயே இருக்கிறது.

2009 மே மாதம். மெக்சிக்கோவில் கிளம்பிய பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் வெள்ளவத்தை ஏகப்பன் தயார். சீனி வருத்தத்துக்குத் தினமும் பூங்காவில் நடக்கவேண்டும் என்றும், வெட்டவெளியில் பயமில்லை என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் ஏகப்பன் நம்பினார். மூக்கை மூடிக் கட்டம் போட்ட கைலேஞ்சி கட்டியிருக்கிறார். அதைத் தூக்கி, விரலை நாக்கில் தொட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். காற்று வரும் பக்கத்தில் யாராவது இருந்தால் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போகிறார். விரலை நக்குவதில் கிருமி உண்டா என்று அவர் யோசித்ததில்லை.

"வெளிக்காத்துல என்னத்த ஒட்டப்போகுது, ஏகப்பன்?" என்று பௌஸி அங்கிருந்தே கேட்டார்.

"ஒங்களுக்கென்ன, பௌஸி நானா! நாளைக்குப் பேத்திக்குத் தொட்டில் போடுறோம். எங்கிட்ட ஒரு தும்மல் கேட்டாப் போதும், வீட்டுக்காரி மெய்யம்மை என்னைய வாசல்லயே நிறுத்திப்புடுவா!"

ஆறு யாருக்கு அப்பால் பேசினால் கத்தத்தான் வேண்டும். அதுவும் யுத்தம் முடிகிற அந்த நாட்களில், தமிழில். முகத்தை மூடியிருக்கிறார், ஆட்களைக் கண்டால் விலகுகிறார், ஆளில்லாத பெஞ்சாகத் தேடி மாறுகிறார். பேத்திக்காக மனுஷன் செய்ததெல்லாம் குண்டு வைக்க வந்தவன் செய்வது போலவே இருந்து தொலைத்தது, பாவம்.

பூங்கா வாசலில் காவல் நின்ற சிப்பாய் வந்தான். "சட்டைத் துணி" என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அவன் தோளில் தொங்கிய துவக்கைக் கண்டதும் அளவெல்லாம் மறந்துபோயிற்று. லேஞ்சியை அவிழ்த்தார்.

"லெடே எனவா, மாத்தயா" என்றார். வியாதி வருகிறது என்பதற்கு அவரிடமிருந்த சிங்களம் அவ்வளவுதான்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டான் சிப்பாய்.

"மெக்சிக்கோ."

சிப்பாயின் முகம் மாறியது. "அய்டென்டிட்டி!" என்று கையை நீட்டினான். பௌஸி சத்தமில்லாமல் பின்வாங்கி, ஐயர் வீட்டுச் சேலையையும் தாண்டி நின்றார்.

அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிப்பாய்க்கு மூக்கு சுருங்கியது. அட்டைமேலேயே தும்மினான். ஒன்றல்ல, மூன்று. ஏகப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சோதிக்க வேண்டும், கையைத் தூக்கு என்று சைகை செய்தான் சிப்பாய். இரண்டு கையும் மேலே போயின. தடவிப் பார்க்க அவனுக்கும் இரண்டு கை வேண்டுமே. சோதனைச் சாவடிகளில் வழக்கமாக நடப்பதுபோல, அட்டையை ஏகப்பனின் உதட்டருகே நீட்டினான். அதில் ஈரம் மினுங்கியது.

வாங்கினால் காய்ச்சல். வாங்காமல் முரண்டு பிடித்தால் பொலிஸ் கூடு. நாளைக்குத் தொட்டிலைக் கண்ணாலும் காணமுடியாது. ஏகப்பன் பௌஸியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டார்.