பஞ்சர் கடைக் காற்று

தூசி ஊதவென்று டப்பாவில் அடைத்த காற்றைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். முதலியார்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தூசி தட்டப் பெயின்ட் பிரஷ், ஊதிவிட சைக்கிள் பம்பு. எனக்கு அதுவே தாராளம். கடல் காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து உள்ளே அப்பிக்கொண்டால் மட்டும் பம்பு தோற்றுப்போகும். அதற்கும் வழி வைத்திருந்தேன். பக்கத்துப் பஞ்சர் கடையின் கம்ப்ரெஸர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே தூக்கிக்கொண்டு போனது எதிர்வீட்டுப் பெரியவரின் சிபியு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், அதனால் தெருவுக்கே 'முசியே'; இங்கே தனிக்கட்டை. பாரீஸில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். நாலு மணிக்குக் கேமராவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். சிபியுவோ சூடேறிச் சூடேறி அணைந்துகொண்டிருந்தது.

"நாலுக்குள்ள ஆயிடுமாப்பா?" என்றார்.

"அரை மணி நேரம் முசியே," என்றேன்.

பஞ்சர் கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "இருப்பா, டேங்க்ல தண்ணி நிக்குது. தொறந்து உட்டுட்டுத் தரேன்."

எனக்கா பொறுமை? குழாயைப் பிடுங்கி உள்ளே அடித்தேன். விசிறி ஊளையிட்டுச் சுழன்றது. ஒரு இறக்கை பிய்ந்து வந்து என் கன்னத்தைக் கிழித்தது. ஆத்திரத்தில் இன்னும் அடித்தேன். காற்றோடு தண்ணீரும் வந்ததைக் கவனிக்கவில்லை. அங்கேயே பிளக்கைச் சொருகினேன். 'டப்' என்று வெடித்துப் புகைந்தது.

அவர் காற்றுதான் கெடுத்தது என்று, திரும்பிய வேகத்தில் கடைக்காரரின் வாயில் குத்தினேன். அவர் டயர் கழற்றும் கம்பியை எடுத்து என் தோளில் போட்டார். வலியில் அவர் கழுத்தைப் பிடித்தேன். இரண்டு பேரும் கிரீஸில் கட்டிப் புரண்டோம். என் சட்டையெல்லாம் ரத்தம், பாதி அவருடையது.

சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடிவந்தார். புகைந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவன்தான் கெடுத்துட்டான் முசியே," என்றேன். எனக்கு வாய் கூசவில்லை.

மறு வார்த்தை கேட்காமல் கடைக்காரரை ஓங்கி அறைந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

கடைக்காரர் கையை ஓங்கவில்லை. வயதுக்குக் கொடுத்த மரியாதை. குனிந்து டேங்க்கின் அடித் திருகைத் திறந்தார். துருத்தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தரையில் பரவியது. "இத தொறக்கறவரிக்கும் இருன்னேன். இருந்தானான்னு அவனையே கேளுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கடைக்காரரின் வீங்கிய கன்னத்தைத் தொட்டு "பர்தோன்" என்றார். பிறகு, "மன்னிச்சிடுப்பா."

வெட்கம் தாங்காமல் வழியை மறித்தேன். "நெட் சென்டர்ல போட்டுக் காட்டறேன், வாங்க முசியே. இன்னும் நேரம் இருக்கு."

"உங்கூடவா?"

பெட்டியைத் தானே தூக்கி அணைத்துக்கொண்டு நடந்தார். தனியாகப் போய்ப் பார்க்க அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நாலு மணிக்குப் பாரீஸில் ஒருத்தி குழந்தையைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.